அளவுகோல் இல்லாத ஆவேசம்

ஊடகங்கள் நமக்கு அநீதி இழைக்கின்றன என்று சொல்லாத முஸ்லிம் வீட்டைத் தமிழகத்தில் காண்பது அரிது. அந்த அநீதி எவ்வளவு, எந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லால், எவர் கையால் நிகழ்கிறது, அதைப் படித்தவர் மனத்தில் என்ன விளைவை உண்டாக்கியது என்று கணக்கோடு சொல்லக்கூடிய வீட்டைக் காண்பது அதனினும் அரிது. முதற்கூற்றை நாம் மறுக்க வரவில்லை. இரண்டாவது குறை நீங்காதவரை முதற்கூற்று ஒரு பெருமூச்சாகவே நின்றுவிடும் என்பதே நம் வாதம். பெருமூச்சை எந்த ஆசிரியர் குழுவும் பொருட்படுத்துவதில்லை. எந்த நீதிமன்றமும் ஆவணமாக ஏற்பதில்லை.

நம் சமுதாயத்தின் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு திரைப்படம் வருகிறது. அதில் தொப்பியும் தாடியும் கொண்டவன் வெடிகுண்டு வைக்கிறான். உடனே கண்டனக் கூட்டம், சுவரொட்டி, ஆட்சியரிடம் மனு. 2012-ல் 'துப்பாக்கி' வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. காட்சிகள் சில நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' விவகாரம் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு பிறப்பிக்கும் அளவுக்கு முற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சில காட்சிகளில் மாற்றம் செய்யப்பட்டுப் பிப்ரவரி 7-ஆம் நாள் படம் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. அத்தோடு ஆவேசமும் அடங்கியது.

அந்த அமளியில் கேட்கப்படாமலே போன கேள்விகள் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்களில் முஸ்லிம் பாத்திரங்கள் எத்தனை? அவர்களில் குற்றவாளி எத்தனை பேர், கடைக்காரர் எத்தனை பேர், ஆசிரியை எத்தனை பேர், கதாநாயகனின் உயிர்த்தோழன் எத்தனை பேர்? 1995-ல் 'பம்பாய்' வருவதற்கு முன்பிருந்த நிலை என்ன, பின்பு வந்த மாறுதல் என்ன? மேடையில் முழங்கியவர்களுள் எவர் கையில் இந்தப் பட்டியல் இருந்தது? பட்டியல் இல்லாதபோது எதிர்த்தரப்பின் பதில் மிக எளிதாகிவிடுகிறது: "இது ஒரு படம், நீங்கள் அளவுக்கு மீறிப் புண்படுகிறீர்கள்." ஒரு படத்தை ஒரு படம் என்று தள்ளிவிடலாம். இருநூறு படங்களின் கணக்கை அவ்வாறு தள்ள முடியாது.

ஏப்ரல் கற்பித்த பாடம்

திரைப்படத்தையாவது கற்பனை என்று விட்டுவிடலாம். செய்தியை அப்படி விட முடியாது. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தையும், அதன்பின் நாடெங்கும் எழுந்த கூச்சலையும் நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. நம் சேலம் மாவட்டம் அந்தச் செய்தி ஓட்டத்துக்குள் தொடக்கத்திலேயே இழுக்கப்பட்டது. அம்மாத இறுதியில் சேலத்தில் இந்தோனேசிய நாட்டவர் நால்வருக்கும் அவர்களுடன் வந்த வழிகாட்டி ஒருவருக்கும் கொரோனா தொற்று உறுதியானது. ஏப்ரல் முதல் வாரத்தில், தில்லி சென்று வந்தவர்களின் எண்ணிக்கை தமிழக அரசின் அன்றாட அறிக்கைகளில் தனியே எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் அது 'ஒரே மூலம்' என்ற பொதுச்சொல்லாக மாறியது. சமூக வலைத்தளங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் 'கொரோனா ஜிஹாத்' என்ற சொற்றொடர் உலா வந்தது.

தில்லியில் கூடியவர்களிடையே தொற்று பரவியது உண்மை. அதை மறுப்பது நேர்மையன்று. நம் கேள்வி வேறு. அந்நாட்களில் பரிசோதனை வசதி மிகக் குறைவு. ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்தோர், தில்லி சென்று வந்தோர், அவர்களோடு பழகியோர் ஆகியோரையே முதலில் தேடிச் சோதித்தார்கள். மருத்துவ நோக்கில் அது முறையான செயல்தான். ஆனால், தேடப்பட்டவர்களிடையே கண்ட எண்ணிக்கையைக் கொண்டு, தேடப்படாத மக்கள் அனைவரையும் சேர்த்துச் சதவிகிதம் பேசியபோது பிழை புகுந்தது. ஆத்தூரில் ஒரே ஒரு தெருவில் கண் பரிசோதனை முகாம் நடத்திவிட்டு, 'ஊரில் பார்வைக் குறைவு உள்ளோர் அனைவரும் இத்தெருவினரே' என்று தலைப்புப் போட்டால் எப்படியிருக்கும்? அதுதான் அன்று நடந்தது.

சமூக ஆராய்ச்சி முறையில் இதற்கு மாதிரித் தேர்வுச் சாய்வு என்று பெயர். முதலாண்டு மாணவன் படிக்கும் பாடம் இது. நாட்டின் அறிவியலாளர் சிலர் அந்த ஏப்ரலிலேயே இதைச் சுட்டிக் காட்டினார்கள். அதே வாரத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் இதை நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி உள்ளூர் நிருபரிடம் கொடுத்திருந்தால், அந்த நிருபருக்கும் அது உதவியாய் இருந்திருக்கும். நாட்டுக்கும் நன்மையாய் இருந்திருக்கும். எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் நம்மிடையே இருந்தனர்? நம்மவர் கைப்பேசிகளில் ஓடியவை புலம்பல்களும் வசைகளுமே.

அவ்வாண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் நடத்திய பெரும் பிரசாரத்தையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. 'குற்றச்சாட்டு முதற்பக்கத்தில், விடுவிப்பு மூலையில்' என்று நம் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் பெறுகிறவர்கள் உண்டு. சொல்பவர் அளந்தாரா? எத்தனை சென்டிமீட்டர் அது, எத்தனை சென்டிமீட்டர் இது? அளக்காதவரை அது நம் ஐயமே தவிர ஆராய்ந்து கண்ட முடிவாகாது. இந்த ஐயத்தை முடிவாக்கும் வழி இருக்கும்போது அதைக் கல்லாமல் இருப்பது ஏன் என்பதே நம் வினா.

எண்ணியவர்கள் சாதித்தது

எண்ணுதல் உணர்ச்சியற்றவர்களின் தொழில் என்று எண்ணுவோருக்கு ஐடா வெல்ஸ் என்ற பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். 1862-ல் அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து, ஆசிரியையாகிப் பின் பத்திரிகையாளரானவர் அவர். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் அவருடைய நண்பர் உள்ளிட்ட கறுப்பினத்தவர் மூவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. கறுப்பர் வெள்ளைப் பெண்களைக் கெடுப்பதால்தான் மக்கள் சினந்து இப்படிச் செய்கிறார்கள் என்று அக்காலத்து ஏடுகள் எழுதிவந்தன. வெல்ஸ் என்ன செய்தார்? வெள்ளையரின் ஏடான 'சிகாகோ ட்ரிப்யூன்' ஆண்டுதோறும் வெளியிட்ட படுகொலைப் பட்டியலையே கையில் எடுத்தார். ஒவ்வொரு கொலைக்கும் கூறப்பட்ட காரணத்தை வகைவாரியாகப் பிரித்தார். பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டதே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கொலைகளில்தான் என்று தெரிந்தது. 1895-ல் இக்கணக்கை நூலாக வெளியிட்டார். 1892-லேயே கும்பலொன்று அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கிவிட்டிருந்தது. ஆனால் எதிர்த்தரப்பின் ஏட்டிலிருந்தே எடுத்த எண்களை அவர்களால் நொறுக்க முடியவில்லை.

தொலைக்காட்சிக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. வேலைநிறுத்தச் செய்திகள் தொழிலாளருக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன என்ற குறை பிரிட்டனில் நெடுநாளாய் இருந்தது. 1975-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் குழு ஒன்று 22 வாரச் செய்தி ஒளிபரப்பைப் பதிவு செய்தது. உண்மையில் நடந்த வேலைநிறுத்தங்களின் அரசுப் புள்ளிவிவரத்தை ஒருபுறமும், திரையில் வந்தவற்றின் கணக்கை மறுபுறமும் வைத்துப் பார்த்தது. கார்த் தொழிற்சாலைத் தகராறுகள் மிகையாகவும் வேறு பல தொழில்களின் தகராறுகள் குறைவாகவும் காட்டப்பட்டது வெளிப்பட்டது. தொழிலாளி கேட்டால் 'கோரிக்கை', முதலாளி சொன்னால் 'வழங்க முன்வருதல்' என்று சொற்களிலேயே தராசு சாய்ந்திருப்பதையும் அவர்கள் குறித்தார்கள். 1976-ல் நூல் வந்தபோது ஒளிபரப்பாளர்கள் சீறினார்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்களாய் இருந்தார்கள். வெறும் புலம்பலுக்கு அப்படிப் பதில் கிடைத்திருக்குமா?

நம் நாட்டுக்கு வருவோம். 2006-ல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகிய மூவர் தில்லியின் 37 இந்தி, ஆங்கில ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரின் சமூகப் பின்னணியைக் கணக்கெடுத்தார்கள். முஸ்லிம்கள் 3 சதவிகிதம். தலித்தும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. உயர்சாதி இந்து ஆண்கள் 71 சதவிகிதம். பெருஞ்செலவோ பெரிய மாநாடோ இல்லாமல், ஒரு பட்டியலும் ஒரு எளிய கேள்வியும் சாதித்த செயல் இது. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை வந்தது. முஸ்லிம்களின் கல்வி, வேலை, கடன் வசதி ஆகியவற்றின் நிலையை மக்கள்தொகைக் கணக்கையும் மாதிரி ஆய்வுகளையும் கொண்டு அது எடுத்துரைத்தது. அதற்குமுன் பல்லாண்டு முறையிட்டும் அசையாத விவாதம், அட்டவணைகள் வந்தபின் திசை மாறியது. 'செல்லம் கொடுக்கப்பட்ட சமுதாயம்' என்ற வசையை எதிர்கொள்ள இன்றும் நம்மவர் கையிலுள்ள வலுவான ஆயுதம் அந்த அட்டவணைகளே.

ஆத்தூரில் என்ன செய்யலாம்?

இவையெல்லாம் லண்டனுக்கும் தில்லிக்கும் உரியவை, வசிஷ்ட நதிக்கரையிலுள்ள நம் சிற்றூருக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். மாதிரி எடுத்தல் என்ற கலையை ஆத்தூர் வட்டாரத்துக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. லாரி நிறைய வரும் மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்காரர் முழுவதும் அரைத்துப் பார்த்தா விலை சொல்கிறார்? கொஞ்சம் கிழங்கை எடுத்து, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து, லாரிக்கே விலை சொல்கிறார். அந்தக் கொஞ்சத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் அடங்கியிருக்கின்றன என்பதை நம் வட்டாரத்து விவசாயி நன்கறிவார். செய்தியை ஆராய்வதும் அவ்வாறே.

சேலம் பதிப்பாக வந்து ஆத்தூரில் விற்பனையாகும் தமிழ் நாளிதழ்களில் நான்கை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு நாளும் படிக்கத் தேவையில்லை. முதல் வாரத்தில் திங்கள், அடுத்த வாரத்தில் செவ்வாய், அதற்கடுத்ததில் புதன் என்று நாளை மாற்றி மாற்றி எடுத்தால், ஏதோ ஒரு வாரத்தில் நிகழ்ந்த பெருஞ்சம்பவம் முழுக் கணக்கையும் கோணலாக்காது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறியீட்டுத் தாள்: எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், தலைப்பில் என்ன சொல், யாருடைய கூற்று இடம்பெற்றது, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மதம் செய்திக்குத் தேவையில்லாத இடத்தில் சுட்டப்பட்டதா, பிற மதத்தவர் குற்றஞ்சாட்டப்பட்ட செய்தியிலும் அவ்வாறு சுட்டப்பட்டதா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் ஆய்வே பயனற்றுப் போகும். ஒப்பிடாத எண் ஊமை.

இந்தத் தாளை இருவர் நிரப்ப வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். முடிவில் இருவர் கணிப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். பெரிதும் வேறுபட்டால் குறை செய்தித்தாளில் இல்லை, நம் அளவுகோலில் இருக்கிறது என்று பொருள். வரையறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். இருவரில் ஒருவர் முஸ்லிமல்லாத நண்பராக இருந்தால் மிக நன்று. நம் கண்ணுக்கு இழிவாகத் தோன்றுவது அவர் கண்ணுக்கும் தோன்றுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலின் செய்திகளையும் அவ்வாண்டு ஆகஸ்டின் தீர்ப்புச் செய்தியையும் 2025 ஜூலையின் செய்தியையும் ஒப்பிடும் ஆய்வை நம் ஊர் இளைஞர்களின் முதற்பணியாகப் பரிந்துரைக்கிறோம். பழைய நாளிதழ்களைத் தேடச் சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி சென்று சேரும் நூலகங்களுள் அது ஒன்று. ஆத்தூரிலிருந்து ஒரு இரவுப் பயணத் தொலைவுதான்.

படித்தவர் மனத்தில் நிகழ்வது

அளந்து முடித்துவிட்டால் ஆய்வு முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. பத்திரிகையில் இருப்பது ஒன்று. படிப்பவர் கொள்வது மற்றொன்று. ஸ்டுவர்ட் ஹால் 1973-ல் இதை விளக்கினார்: அனுப்புவோர் வைத்த பொருளைப் பெறுவோர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். டேவிட் மோர்லி ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பலதரப்பட்ட 29 குழுக்களுக்குக் காட்டி, அவை வெவ்வேறு விதமாய்ப் புரிந்துகொண்டதை 1980-ல் நூலாக்கினார். நம் மதுரையிலேயே சாரா டிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் ஏழை மக்களோடு பழகி, திரைப்படத்தை அவர்கள் எவ்வாறு பார்க்கிறார்கள், ரசிகர் மன்றங்களில் என்ன காண்கிறார்கள் என்று ஆராய்ந்து 1993-ல் நூல் வெளியிட்டார். சென்னையை அடுத்த பகுதியொன்றில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் பதினைந்து மாதம் களப்பணி செய்து, சமூக ஊடகத்திலும் உறவும் சாதியும் வர்க்கமும் எப்படித் தொடர்கின்றன என்று 2017-ல் எழுதினார்.

அமெரிக்காவிலிருந்து வந்து மதுரைத் திரையரங்கில் அமர்ந்து கேட்டறிய ஒருவரால் முடிந்தது. ஆத்தூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்து கேட்டறிய நம் பிள்ளைகளால் முடியாதா? அங்கே பத்திரிகையைப் படிப்பவர் ஒருவர். அதைக் கேட்டு விவாதிப்பவர் ஐவர். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஈரி என்ற ஒரு சிறிய மாவட்டத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் 600 பேரை மாதந்தோறும் சந்தித்துக் கேட்டார்கள். வானொலியையும் பத்திரிகையையும்விடப் பழகியவர்களின் பேச்சே பலர் மனத்தை அசைத்தது என்று கண்டார்கள். அப்படியானால் செய்தியின் தீங்கைத் தடுக்கும் முதல் அரண் நம் ஊர்த் தேநீர்க் கடையில்தான் இருக்கிறது.

நம் அண்டை வீட்டாரிடம் சென்று, "அந்த ஏப்ரலில் எங்களைப் பற்றி என்ன படித்தீர்கள், எதை நம்பினீர்கள், எதை நம்பவில்லை, ஏன்?" என்று அமைதியாகக் கேட்டவர் நம்மில் எவர்? கேட்டால் கசப்பான பதில் வரலாம். 'எங்கள் பாய் அப்படிப்பட்டவர் அல்லர் என்று எங்களுக்குத் தெரியும்' என்ற பதிலும் வரலாம். இரண்டில் எது அதிகம் என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் அச்சத்தை வளர்த்துக்கொண்டிருப்பது அறிவுடைமையாகுமா? நம் பிள்ளைகள் எந்த ஊரில் வாழ்கிறார்கள் என்பதையல்லவா அந்தப் பதில் சொல்லும்!

கேட்கும் முறையிலும் கல்வி வேண்டும். "ஊடகங்கள் முஸ்லிம்களை இழிவுபடுத்துகின்றன அல்லவா?" என்பது கேள்வியே அன்று, பதிலை வாயில் திணிப்பது. பதில் சொல்பவரின் சம்மதம் பெற வேண்டும். அவர் பெயரைக் காக்க வேண்டும். முஸ்லிம் கேட்கிறார் என்பதற்காகவே அவர் மென்மையாகப் பேசுகிறாரா என்றும் ஐயுற வேண்டும். எண்ணிக்கை பெரிதாயிருந்தால் போதும் என்ற மயக்கமும் கூடாது. 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் மாபெரும் வெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், விருப்பமுள்ளோர் மட்டும் விடையெழுதியதும் அந்த இதழைக் கவிழ்த்தன. முகநூலில் லட்சம் பேர் வாக்களித்தார்கள் என்று பெருமை பேசுவோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

நம் பக்கமும் திரும்பட்டும்

பிறர் ஏட்டை அளக்கும் கோல் நம் ஏட்டையும் அளக்க வேண்டும். 1882-ல் கண்டியில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலம் முதல் தமிழ் முஸ்லிம் இதழியலுக்கு நீண்ட மரபு உண்டு. அந்த மரபில் வந்த நம் இதழ்களில் பெண்கள் எழுதியவை எத்தனை? பிற சமயத்தவரைப் பற்றிய சித்திரம் எத்தகையது? உழைக்கும் முஸ்லிமின் வாழ்க்கை எத்தனை பக்கம் பெற்றது? நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரத்தில் வரும் செய்திகளில் மூலம் தெரிந்தவை எத்தனை? இக்கணக்கை எடுக்கத் தயங்குவோர் பிறர் கணக்கைக் கேட்கும் தகுதியை இழப்பர்.

செய்தி கொண்டுவருபவனை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதை ஒரு கல்வித்துறையாகவே வளர்த்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். இன்று நம் கைப்பேசியில் வருவது சங்கிலியே இல்லாத செய்தி. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனமே, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு முகவரிக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு விதித்தது. இஸ்னாது பற்றி மத்ரஸாவில் பாடம் கேட்ட சமுதாயத்துக்கு ஒரு வணிக நிறுவனம் கடிவாளம் போட வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறோம். இஸ்னாது ஒரு தனிச்செய்தியின் உண்மையைச் சோதிக்கும் முறை. ஆயிரம் செய்திகளில் புலப்படும் சாய்வைக் காண்பது சமூகவியலின் முறை. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. முன்னதை மரபாகப் பெற்றவர்களுக்குப் பின்னது அந்நியமாய் இருக்க வேண்டியதில்லை.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

"எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எண்ண வேண்டும்?" என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்தது என்று நாம் நினைப்பது நம் தெருவுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கலாம். அடுத்த தெருவுக்கும் அதைத் தெரிவிப்பதற்குத்தான் எண்.

"முடிவு நமக்கு எதிராக வந்தால்?" என்பார்கள். வரட்டும். நான்கு நாளிதழ்களில் மூன்று நியாயமாக எழுதியிருப்பது தெரியவந்தால் அந்த மூன்றையும் பாராட்டிக் கடிதம் எழுதுவோம். நான்காவதற்கு எழுதும் கடிதத்துக்கு அப்போது எடை கூடும். எல்லாரையும் ஒரே தடியால் அடிப்பவனுக்கு எவனும் அஞ்சுவதில்லை.

"எங்கள் பிள்ளை பொறியியல் படிக்க வேண்டும், சமூகவியல் படித்து என்ன சம்பாதிப்பான்?" என்று கேட்கும் அத்தாமார்களின் கவலையை நாம் எளிதாக எண்ணவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே படிப்பைப் படித்தே தீரவேண்டுமா? சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் இதழியலும் கற்பிக்கப்படுகின்றன. ஆத்தூரை அடுத்த வடசென்னிமலையில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கணிப்பொறி கற்ற பிள்ளை பத்தாயிரம் தலைப்புகளை ஒரு மாலையில் வகைப்படுத்தும் கருவியைச் செய்யலாம். எதை வகைப்படுத்துவது, ஏன் என்று சொல்ல சமூகவியல் கற்ற பிள்ளை அருகில் இருக்க வேண்டும். பெண்மக்களைப் பற்றித் தனியே ஒன்று: வீட்டுக்குள் சென்று பெண்களோடு அமர்ந்து பேசி, அவர்கள் தொடர்களையும் செய்திகளையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டறியும் வாய்ப்பு ஆண்களைவிட அவர்களுக்கே அதிகம். அந்தக் கல்வியை மறுப்பது ஊரின் பாதிக் குரலை ஆய்விலிருந்து நீக்குவதாகும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்போருக்கு ஒரு விடை. ஒரு கண்டனக் கூட்டத்தின் மேடை, ஒலிபெருக்கி, சுவரொட்டிச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தத் தொகை நான்கு நாளிதழ்களின் பன்னிரண்டு வாரச் சந்தாவுக்கும், இரண்டு மாணவர்களின் சென்னைப் பயணத்துக்கும், தாள் பென்சிலுக்கும் போதாதா?

கண்டனம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கணக்குக்குப்பின் வரும் கண்டனத்தை எவரும் எளிதில் ஒதுக்க முடியாது என்றே சொல்கிறோம். மஹல்லா ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்குமாவது சமூக ஆராய்ச்சி முறை கற்க உதவித்தொகை ஒதுக்கட்டும். நம் இதழ்கள் அவர்கள் ஆய்வை வெளியிடப் பக்கம் ஒதுக்கட்டும். முடிவு நமக்கு இனிக்காவிட்டாலும் வெளியிடட்டும். ஆத்தூர் வாசகக் குடும்பங்கள் பிறர் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் திங்கட்கிழமை நாளிதழோடு ஓர் அடிக்கோலும் இரண்டு குறிப்பேடுகளும் வாங்குங்கள். ஒன்று உங்கள் மகளுக்கு. மற்றது அவளுடைய பக்கத்து வீட்டுத் தோழிக்கு. பன்னிரண்டு வாரம் கழித்து அவர்கள் இருவரும் என்ன கண்டார்கள் என்பதை ஊர் கேட்கட்டும்.